வேலையே உடற்பயிற்சிதானே என்கிறார் என் கணவர்

கேள்வி: டாக்டர் ஐயா, என் கணவருக்கு 44 வயது. தீயணைப்புத் துறையில் முன்னணி தீயணைப்போராக இருக்கிறார். சேர்ந்து 20 வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு தென்னைநார் மில்லில் தீ. ஆறு மணி நேரம் நின்று அணைத்துவிட்டு வண்டியில் திரும்பும்போது நெஞ்சை யாரோ அழுத்துவது மாதிரி இருந்ததாம், வேர்த்துக் கொட்டியதாம். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் நான் வற்புறுத்தி ஈசிஜி எடுத்தோம், நார்மல் என்றார்கள். போன வாரம் கிணற்றில் விழுந்த மாட்டைக் கயிறு கட்டித் தூக்கும்போது மறுபடியும் அதே அழுத்தம். கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தாராம், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டதாம். சர்க்கரை பார்டரில் இருக்கிறது, தொந்தி விழுந்துவிட்டது. இரவுப் பணியில் தூக்கம் வராமல் இருக்கப் புகையிலை போடுகிறார். மாமனார் 52 வயதில் நெஞ்சு வலியில்தான் போனார். காலையில் நடக்கப் போங்கள் என்றால், "என் வேலையே உடற்பயிற்சிதானே" என்கிறார். புகையும் தீயும் இதயத்தைக் கெடுக்குமா? வேலையை விடச் சொல்லட்டுமா? (பெயர் வேண்டாம், கோவை மாவட்டம்)

பதில்: அம்மா, கடிதத்தில் கைபேசி எண் கொடுத்திருந்ததால், படித்த அன்று மாலையே உங்களைக் கூப்பிட்டுவிட்டேன், உங்கள் கணவரிடமும் பேசினேன். பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. அன்று அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். இதே அழுத்தத்தை வாயு என்று நினைத்துக்கொண்டு இன்று இரவும் பணிக்குப் போகிறவர்கள் வீட்டிலும் யாராவது இதைப் படிக்கக்கூடும்.

முதலில் அந்த ஈசிஜி. படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி, படுத்திருக்கும் இதயத்தைப் பற்றித்தான் சொல்லும். ரத்தக்குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தாலும் ஓய்வில் இருக்கிற இதயத்துக்கு வேண்டிய ரத்தம் போய்விடும், கோடுகள் அழகாகவே விழும். கயிற்றைப் பிடித்து இழுக்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். உழைக்கும்போது அழுத்துகிறது, நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாயு அப்படிக் கயிற்றை இழுத்தால் வந்து, விட்டால் போகாது. அதோடு 44 வயது, 52-ல் இறந்த அப்பா, எல்லையில் நிற்கும் சர்க்கரை, புகையிலை எல்லாம் சேர்ந்திருக்கிறது. வேறு காரணம் என்று நிரூபணம் ஆகும்வரை இதை நான் இதய வலி என்றே வைத்துக்கொள்வேன்.

ஒரு மாதத்துக்குள் புதிதாக வந்து, இரண்டு முறை தலைகாட்டிவிட்ட வலி இது. அதனால் இதய மருத்துவரைப் பார்க்க அடுத்த மாத லீவு வரை காத்திருக்கக் கூடாது. மறுபடியும் ஈசிஜி, இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, இதயத்தின் ஸ்கேனான எக்கோ இவை முதலில். அப்புறம் டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்க வைத்து எடுக்கும் ஈசிஜி) வேண்டுமா, ரத்தக்குழாய் அடைப்பை ஸ்கேனில் பார்க்கும் சிடி ஆஞ்சியோ போதுமா, நேராகக் குழாய்க்குள் மருந்து செலுத்திப் பார்க்கும் ஆஞ்சியோகிராமே செய்துவிடலாமா என்பதை நேரில் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்வார். வலி இப்போதும் வந்து போய்க்கொண்டிருந்தால் டிரெட்மில்லில் ஏற்றக் கூடாது. அதனால் எந்த லேபிலாவது பேக்கேஜில் டிஎம்டி மலிவு என்று விளம்பரம் பார்த்து நீங்களாகப் போய்விடாதீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதெல்லாம் செய்கிறார்கள். தனியார் மருத்துவமனை என்றால், அரசு ஊழியர் காப்பீட்டில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். முடிவு தெரியும்வரை அவர் மருத்துவ விடுப்பில் இருக்க வேண்டும். கயிறு, ஏணி, ஹோஸ் (தண்ணீர் அடிக்கும் குழாய்) எதுவும் வேண்டாம். நீங்கள் சொன்ன காலை நடையையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

மறுபடி அழுத்தம் வந்து, உட்கார்ந்தும் விடவில்லை என்றால் 108. பைக்கில் ஏறிப் போகக் கூடாது, சோடாவும் கூடாது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளும் என்றால் 300 மில்லிகிராம் மென்று விழுங்கச் சொல்லுங்கள். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். பெரிய மருத்துவமனை தொலைவு என்றால் முதலில் அங்கே போகலாம். சிலர் சட்டைப் பையில், ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை வைத்துக்கொண்டு, வலி வந்தால் நாக்குக்கு அடியில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, ஏணியில் நிற்கிறவர் விழுந்துவிடுவார். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தீயும் புகையும் இதயத்தைக் கெடுக்குமா என்று கேட்டீர்கள். தீயணைப்பு வீரரை நெருப்பும் இடிந்து விழும் சுவரும்தான் கொல்லும் என்று ஊரே நினைக்கிறது. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியில் இருக்கும்போது இறந்த தீயணைப்பு வீரர்களின் கணக்கை (2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களைச் சேர்க்காமல்) எடுத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள், 2007-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 39 பேர் இதயத் தமனி நோயால் இறந்திருந்தார்கள். அந்த இதயச் சாவுகளில் 32 சதவீதம் தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போது நடந்தவை. அவர்களுடைய மொத்த வேலை நேரத்தில் தீயோடு நிற்பது 1 முதல் 5 சதவீதம் வரைதான். அந்தச் சின்னப் பங்கு நேரத்தில் மூன்றில் ஒரு இதயச் சாவு.

அதே கணக்கில் இன்னொன்று உண்டு, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இதய நோயால் இறந்தவர்களில் ஏறக்குறைய 17 சதவீதம் பேர் அழைப்பு முடிந்து திரும்பும்போது இறந்திருக்கிறார்கள். தீ அணைந்துவிட்டது, வேலை முடிந்தது, வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தாயிற்று என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிற நேரம் அது. உங்கள் கணவருக்கு முதல் வலி வந்ததும் அங்கேதான்.

ஏன் அப்படி என்று கேட்பீர்கள். இரவு இரண்டு மணிக்கு மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடி 60-ல் தூங்கிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நிமிடத்தில் பூட்ஸ் மாட்டி வண்டியில் இருக்க வேண்டும். அட்ரீனலின் பாய்ந்து, தீயைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நாடி எகிறிவிடுகிறது. அங்கே போனதும் கவச உடை, மூச்சுக் கருவி எல்லாம் சேர்த்து 20 கிலோவுக்கு மேல் உடம்பில் ஏறுகிறது. தண்ணீர் நிரம்பிய ஹோஸைப் பிடித்து நிற்பது தனிப் பாடு. உள்ளே இருக்கிற சூடு வெளியேற வழியில்லாமல் வேர்வையாகக் கொட்டுகிறது, அதனால் ரத்தத்தில் நீர் குறைந்து கெட்டியாகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 19 ஆரோக்கியமான வீரர்களை நெருப்பில் 20 நிமிடம் மீட்புப் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். உடம்புச் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறியது, ரத்தம் உறையும் தன்மை கூடியது, ரத்தக்குழாய்கள் விரியும் திறன் குறைந்தது. தீ அணைந்த பிறகும் இது மணிக்கணக்கில் நீடித்தது. 2017-ல் வந்த ஆய்வு. ஆரோக்கியமான ஆளுக்கே இப்படி என்றால், குழாய்க்குள் கொழுப்புப் படிவம் இருக்கிறவருக்கு? அந்தப் படிவத்தின் மேல்தோல் அந்த நேரத்தில் கிழிந்தால், கெட்டியான ரத்தம் அங்கேயே உறைந்து குழாயை அடைத்துவிடும்.

புகையைப் பற்றி. தென்னைநார், வைக்கோல் போர், பஞ்சு கொழுந்துவிட்டு எரிவதை விட உள்ளே கனன்றுகொண்டு கிடக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் கக்கும். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் ஆசையாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு போனேன் என்று உங்கள் கணவர் தொலைபேசியில் என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஈரத்துண்டு கரியையும் சாம்பலையும் கொஞ்சம் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் துளியும் தடுக்காது. தீ அடங்கியதும் முகமூடியைக் கழற்றிவிட்டு, நாரைக் கிளறிக் கிளறித் தண்ணீர் அடிக்கிறார்களே, அந்த நேரம்தான் மோசம். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தம் நஞ்சேறிக் கிடக்கும்போதும் அது 98 என்றே காட்டும். புகையில் நின்றுவிட்டு வந்தவருக்குத் தலைவலியோ குமட்டலோ இருந்தால் அந்த எண்ணை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

சரி, "என் வேலையே உடற்பயிற்சிதானே" என்பதற்கு வருவோம். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் என் எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா?

சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார். உங்கள் கணவர் வயதுதான், அவரும் தீயணைப்போர். காக்கி பேன்ட்டோடு டிரெட்மில்லில் ஏறினார். நெஞ்சில் பத்து இடத்தில் ஒயரை ஒட்டிக்கொண்டே, "சார், நேத்துதான் மூணு மாடி ஏறி ஹோஸ் பிடிச்சேன், எனக்கு எதுக்கு இது?" என்றார். மூன்றாவது நிமிடம் வரை பேசிக்கொண்டே நடந்தார். ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு நின்றது. ஆறாவது நிமிடத்தில் கைப்பிடியை இறுகப் பிடித்தார், விரல் முட்டி வெளுத்துவிட்டது. பேப்பரில் கோடு ஒரு கட்டம் கீழே சரிந்தது, அப்புறம் இரண்டு கட்டம். நிறுத்திப் படுக்க வைத்துவிட்டு, "வலிக்கிறதா?" என்றேன். "லேசா, எப்பவும் வர்றதுதான்" என்றார். எப்பவும் என்றால் ஆறு மாதமாக. மனைவியிடம் சொல்லவில்லை, நிலைய அலுவலரிடமும் சொல்லவில்லை. பெரிய குழாயில் அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் வைத்தோம்.

அவர் வார்டில் இருந்தபோது சாவகாசமாகக் கேட்டேன், போன மாதம் எத்தனை தீ அழைப்பு என்று. யோசித்து நான்கு என்றார். மீதி நாள்? வீட்டுக்குள் புகுந்த பாம்பு, விழுந்த மரம், கோயில் திருவிழா பந்தோபஸ்து, வண்டி துடைப்பது. அப்புறம் உட்கார்ந்திருப்பது. இரவு பதினொரு மணிக்குப் புரோட்டா, ஒரு நாளைக்கு ஆறு டீ. மாதத்தில் நான்கு நாள் உடம்பை உச்சத்துக்குத் துரத்திவிட்டு, மற்ற நாளெல்லாம் நாற்காலியில் இருந்தால் அந்த நான்கு நாள் இதயத்தைப் பலப்படுத்தாது. வாரத்தில் பல நாள், தாங்கக்கூடிய அளவில் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் இதயம் பழகும். தீ அந்த மாதிரி அளவு பார்த்துக் கொடுக்காது. எடுத்த எடுப்பிலேயே முழுதாகக் கேட்கும்.

உங்கள் கணவர் தேர்வுக்குப் போனபோது 1500 மீட்டர் ஓடியிருப்பார், கயிறு ஏறியிருப்பார். அது 24 வயது உடம்பு. அதற்கப்புறம் யாராவது ஸ்டாப்வாட்ச் பிடித்தார்களா என்று கேட்டேன், சிரித்தார். அமெரிக்காவில் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் தீயணைப்பு வீரர்களுக்காக வகுத்த மருத்துவ நெறிமுறை, வீரருக்கு வருடா வருடம் பரிசோதனை வேண்டும், உழைப்புத் திறன் 12 மெட்ஸ் இருக்க வேண்டும் என்று நீண்ட காலம் சொல்லிவந்தது. சும்மா உட்கார்ந்திருக்க ஆகும் சக்தியைப் போல 12 மடங்கு என்று அர்த்தம். டிஎம்டி ரிப்போர்ட்டில் மெட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். நெகட்டிவ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுகிறோம், அந்த எண்ணையும் பாருங்கள். அடைப்பே இல்லாமல் இருந்தாலும், 7 மெட்ஸில் மூச்சு வாங்கி இறங்குகிறவர் தீக்குள் போகத் தயாராக இல்லை. நம் தீயணைப்புத் துறையிலும் வருடம் ஒரு முறை இப்படி ஒரு பரிசோதனையை எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதில் குறை தெரிந்தால் தண்டனை இருக்கக் கூடாது, மூன்று மாதம் பயிற்சிக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

ஏனென்றால் உங்கள் கணவர் வாயு என்று சொல்வதற்கு உண்மையான காரணம் அறியாமை இல்லை அம்மா. அவர் முதலுதவி படித்தவர், மாரடைப்பு வந்த எத்தனையோ பேரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர். தொலைபேசியில் கடைசியாக, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்: "ஹார்ட்டுன்னு எழுதிட்டா மெடிக்கல் அன்ஃபிட் ஆக்கிடுவாங்களா சார்?" பதவி உயர்வு, பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தன. உங்களிடம் அவர் கேட்காத கேள்வி அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

வேலையை விடச் சொல்லாதீர்கள். இப்போது அந்தப் பேச்சே வேண்டாம். அடைப்பு இல்லை என்று வந்தால் விட வேண்டிய அவசியமே இல்லை. அடைப்பு இருந்து ஸ்டென்ட் வைத்தாலும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு, இதயத்தின் பம்பிங் நன்றாக இருந்து, மறுபடி டிஎம்டியில் தெம்பாக ஓடிக்காட்டியவர்கள் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். சிலரைத் தீக்குள் அனுப்ப வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்டுப்பாட்டு அறை, கட்டடங்களில் தீப் பாதுகாப்பு ஆய்வு, பள்ளிகளில் ஒத்திகை என்று துறைக்குள் வேறு வேலைகள் உண்டு. அந்தக் காக்கி பேன்ட்காரர் ஒன்றரை வருடம் அப்படி இருந்துவிட்டுத்தான் வண்டிக்குத் திரும்பினார். மறைத்துவிட்டு ஏணியில் ஏறுகிறவரால் அவருக்கு மட்டும் ஆபத்து இல்லை, அவருக்குப் பின்னால் ஹோஸைப் பிடித்து நிற்கிற பையனுக்கும் ஆபத்து. இதை உங்கள் கணவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை.

மருத்துவர் சரி என்ற பிறகு உடற்பயிற்சி. 20 வருடத்துக்கு முந்தைய ஓட்டத்தை நினைத்துக்கொண்டு முதல் நாளே மைதானத்தில் இறங்கிவிடக் கூடாது. நான் சொன்ன அந்த அமெரிக்கக் கணக்கில், இதயச் சாவுகளில் 12 சதவீதத்துக்கு மேல் உடற்பயிற்சியின்போது நடந்தவை. பழகாத உடம்பைத் திடீரென்று விரட்டினால் அப்படி ஆகும். முதல் மாதம் தினமும் அரை மணி நேரம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடந்தால் போதும். இரண்டாவது மாதம் நடுநடுவே ஒரு நிமிடம் மெதுவோட்டம், மூன்று நிமிடம் நடை. வாரம் இரண்டு நாள் தண்டால், பஸ்கி (உட்கார்ந்து எழுவது), படி ஏறுவது. மூன்று மாதம் கழித்து, நிலையத்திலேயே சுருட்டிய ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறிப் பார்க்கலாம். எந்தக் கட்டத்தில் அழுத்தம் வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம்.

தண்டால் என்றதும் ஒரு ஆய்வு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1,104 ஆண் தீயணைப்பு வீரர்களைத் தண்டால் எடுக்க வைத்து, பத்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 40-க்கு மேல் எடுத்தவர்களுக்கு, 10 கூட எடுக்க முடியாதவர்களை விட இதய நோய் 96 சதவீதம் குறைவாக வந்தது. அந்தப் பத்து வருடத்தில் இதய நோய் வந்தவர்கள் மொத்தமே 37 பேர் என்பதால் 96 என்ற எண்ணை அப்படியே கல்லில் வெட்டிவிட வேண்டாம். தண்டால் எடுத்தால் அடைப்பு கரைந்துவிடும் என்றும் அர்த்தமில்லை. ஆனால் கருவி எதுவும் இல்லாமல், நிலையத்தின் தரையிலேயே தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவர் தெரிந்துகொள்ள அது நல்ல வழி. அவர் எத்தனை எடுப்பார் என்று கேட்டேன். "பதினைந்து இருக்கும்" என்றார். அதை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது எடுத்துப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

சர்க்கரை பார்டர் என்கிறீர்கள். நம் ஊருக்கு பார்டர் என்பது கொஞ்சம் ஏமாற்று வார்த்தை. பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா 52-ல் போனதால் பரம்பரையாக வரும் ஒரு வகைக் கொழுப்பைப் பார்க்கும் லைப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையையும் ஒரே ஒரு முறை செய்துவிடுங்கள், அது வாழ்நாளில் பெரிதாக மாறாது. இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். தையல் டேப்பில் தொப்புள் மட்டத்தில் அளந்தால் போதும், பேன்ட் சைஸை நம்பாதீர்கள், அதைத் தொந்திக்குக் கீழேதான் கட்டுவார்கள். குறட்டை பலமாக இருந்து நடுவில் மூச்சு நிற்கிற மாதிரி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகையிலையை இன்றே நிறுத்த வேண்டும், அதில் படிப்படி கிடையாது.

நிலையத்தில் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லச் சொன்னேன். தீ முடிந்ததும் வண்டியில் ஏறுவதற்கு முன் 20 நிமிடம் நிழலில் உட்காருங்கள். கவச உடையைக் கழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் இரண்டு கைகளையும் முழங்கை வரை அமிழ்த்தி வைத்தால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும், தண்ணீர் லாரியோடு போகிறவர்களுக்கு அது கஷ்டமில்லை. பக்கத்தில் இருப்பவரின் நாடியைப் பாருங்கள். 20 நிமிடம் கழித்தும் 100-க்குக் கீழே வரவில்லை என்றால், முகம் வெளுத்திருந்தால், அடுத்த அழைப்புக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள்.

வியாழக்கிழமை கோவையில் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருப்பதாக நேற்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தீர்கள். நீங்களும் கூடப் போங்கள். அவர் "லேசா" என்று சொல்லும்போது, வேர்த்துக் கொட்டியதையும் கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்ததையும் நீங்கள் சொல்ல வேண்டும். பழைய ஈசிஜியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் மதியம் இரண்டு மணிக்கு மேல் அவரையே என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், போனை எடுக்கிறேன்.